பார்த்த இடமும் பட்ட அனுபவமும் வாத்திய இசையாக எப்படி மாறுகின்றன?

பாட்டு வரியே இல்லாத இசைக்குள் ஓர் ஊரும் ஒரு சொந்த விஷயமும் எப்படி வந்து உட்காருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்குப் பக்கம் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவன், நேரம் கிடைத்தால் சொந்தமாக நாலு மெட்டுப் போடுவேன், அந்த அளவில் சொல்கிறேன். கண்ணால் பார்த்த அழகு எனக்கு ஒருநாளும் இசையாக வந்ததில்லை. பத்து ஃபிரிங்கி கடற்கரையில் அலைச் சத்தத்தைப் போனில் பிடித்து, அதன் மேல் புல்லாங்குழலை ஓடவிட்டுப் பார்த்தேன். மசாஜ் கடையில் போடுகிற இசை மாதிரி இருந்தது.

வந்தது வேறு இடத்தில். 2017-இல் அப்பாவைப் பினாங்குத் தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், வீடு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். பதினோரு ராத்திரி ஃபெர்ரியில் திரும்பினேன். கார், மோட்டாரெல்லாம் ஏற்றிக்கொண்டு போகுமே, 2020 கடைசியோடு நிறுத்திவிட்டார்களே, அந்தப் பழைய ஃபெர்ரி. நடுக்கடலில் இன்ஜின் தம்புரா மாதிரி ஒரே சுருதியில் இரையும், பெஞ்சில் சாய்ந்தால் முதுகில் அதிரும். அதோடு சேர்ந்து வாயில் மத்தியமாவதி தானாக வந்தது. கச்சேரி முடிவில் மங்களமாகப் பாடுகிற ராகம், ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அதையா முணுமுணுப்பது என்று எனக்கே எரிச்சல், ஆனாலும் விடவில்லை. ஜெட்டி நெருங்கியதும் வேகத்தைக் குறைப்பார்கள், இன்ஜின் சுருதி கிட்டத்தட்ட ச-விலிருந்து கீழ் நி-க்கு இறங்கும். நான் பாட்டுக்கு அதே ஐந்து சுரத்தைப் பாடிக்கொண்டிருக்கிறேன், ராகம் மாறிவிட்டது. மோகனம்! கிரகபேதம்தான், அதாவது சுரங்கள் அதேதான், ஆதார சுரத்தை மாற்றினால் ராகம் மாறிவிடும்; மத்தியமாவதியின் நிஷாதத்தை (நி) ஷட்ஜமாக (ச) வைத்தால் மோகனம் வரும் என்று வாத்தியார் எப்போதோ நோட்டில் எழுதவைத்தது. அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அதையே நாலரை நிமிடத்துக்கு எழுதினேன். குழல் ஒரு சுரமும் மாற்றவில்லை, அடியில் சுருதி மட்டும் இறங்குகிறது, அவ்வளவுதான். முதலில் வயலினெல்லாம் சேர்த்து அழவைக்கப் பார்த்தேன், அந்தப் பதிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் கதை இங்கே ஞாபகம் வருகிறது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரைட்ஸ் தீவுகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற இசையை, அங்கே இருக்கும் ஒரு கடல் குகையின் பெயரால் 'ஃபிங்கல் குகை' என்றும் சொல்வார்கள். ஆனால் அதன் தொடக்கத்தை 1829 ஆகஸ்ட் 7-ஆம் தேதியே அக்காவுக்குக் கடிதத்தில் எழுதிவிட்டார், குகைக்குப் போனது மறுநாள்! போன இடத்தில் கடல் ஒவ்வாமல் படுத்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். அப்புறம் மூன்று வருஷம் திருத்தினார். நடுப்பகுதியில் மீன் எண்ணெய், கடல்பறவை, உப்புக் கருவாட்டு வாசனையைவிட இலக்கண வாசனைதான் தூக்கலாக இருக்கிறது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். என் வயலின் பதிப்புக்கும் அதே வியாதிதான், டீசல் வாசனை போய்விட்டிருந்தது.

அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். மெட்டைப் போட்டுக் காட்டினேன், பாதியில் தூங்கிவிட்டார். கோலாலம்பூரில் இருக்கும் நண்பன் கேட்டுவிட்டு, "கேமரன் மலையில் பனி இறங்குற மாதிரியே இருக்குடா" என்றான். ஃபைலுக்கு 'பட்டர்வொர்த் கடைசி ஃபெர்ரி' என்றுதான் பெயர் வைத்து அனுப்பியிருந்தேன்.