கொள்ளுத்தாத்தாவைச் செக்குபந்தியில் தேடுங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். எங்கள் பூர்வீகம் வாணியம்பாடியை ஒட்டிய ஒரு கிராமம். அப்பாவின் தாத்தா 1890 வாக்கில் பிறந்தவர். அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவருக்கு ஓர் அண்ணன் உண்டாம். இருபது வயதுக்குள் கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை என்று பாட்டி சொல்வார். ஓர் அலுவலகத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் பழைய பதிவுகளைக் கேட்டேன். "அந்த ஊர்ப் பேரே இதில் இல்லை சார்" என்று அனுப்பிவிட்டார்கள். முன்னோர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: அவர் சொன்னது சரிதான். உங்கள் கொள்ளுத்தாத்தா பிறந்தபோது அந்த ஊர் வட ஆற்காட்டில் இல்லை. வாணியம்பாடி அப்போது சேலம் ஜில்லா, திருப்பத்தூர் தாலுக்கா. பக்கத்திலிருக்கும் ஆம்பூரோ வட ஆற்காடு ஜில்லா, வேலூர் தாலுக்கா. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம், ஆனால் காகிதத்தில் இரண்டும் வேறு வேறு ஜில்லா. 1911-இல்தான் திருப்பத்தூர் தாலுக்காவைச் சேலத்திலிருந்து எடுத்து வட ஆற்காட்டில் சேர்த்தார்கள். அதே வருஷம் திருவண்ணாமலை தென் ஆற்காட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் தனி ஜில்லாவாகப் போனது. அதுவரை வட ஆற்காட்டுக்கே தலைநகரம் சித்தூர்தான். வேலூருக்குக் கலெக்டர் கச்சேரி வந்தது அதற்குப் பிறகு.

பிறகும் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. சித்தூரோடு போன திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகி, திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூர் மூன்றானது. இன்று உங்கள் ஊர் திருப்பத்தூர் மாவட்டம். ஆக, ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் காகிதங்கள் நான்கு மாவட்டப் பெயர்களில் கிடக்கின்றன. தேடக் கிளம்பும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 1911 வரை சேலம், 2019 வரை வட ஆற்காடு அல்லது வேலூர், இப்போது திருப்பத்தூர். எங்கே போனாலும் வருஷத்தைச் சொல்லிவிட்டு அந்த வருஷத்து மாவட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன் நான். தேடி வந்து கைவிட்டவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

அலுவலகம் போகுமுன் வீட்டுப் பரணைப் பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் பெரியப்பா வீட்டில், அத்தை வீட்டில். பழைய கிஸ்தி ரசீது, அடமானப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை எது கிடைத்தாலும் சரி. நான் அதிகம் மதிப்பது மொய் நோட்டைத்தான். "ஆலங்காயம் சின்ன மாமா ரூ. 2", "நாட்றம்பள்ளி பெரியம்மா வீடு ரூ. 1, வேட்டி" என்று ஒரு வரி இருந்தால், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். பட்டாவில் பாட்டிகளின் பெயர் வருவது அபூர்வம். அவர்கள் பிறந்த வீட்டுக்கு வழி சொல்வது பெரும்பாலும் இந்த நோட்டுதான். குலதெய்வம் எங்கே, முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் ஊர் மாறியிருக்கலாம், குலதெய்வம் லேசில் மாறாது. அங்கே கூடுகிற பங்காளிகளிடம் ஒரு தலைமுறை கூடுதலாகவே கிடைக்கும்.

இனி நிலம். கையகலம் நிலமாவது இருந்த குடும்பம் என்றால் பிறப்புப் பதிவைவிட நிலப் பதிவு பத்து மடங்கு பேசும். இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆரில், ஒவ்வொரு கிராமத்துக்கும் 'அ' பதிவேடு என்கிற நிலக் கணக்கைப் புதிதாக எழுதினார்கள். அதில் பழைய சர்வே எண்ணும் இருக்கும். அந்தப் பழைய எண்தான் உங்களுக்குத் திறவுகோல். அதை வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டை, அதாவது நிலத்துக்குத் தீர்வை விதித்தபோது எழுதிய கணக்கை, தாலுக்கா அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே பட்டாதாரராக வருகிறவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாகவோ அவருடைய அப்பாவாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தபோது கிராமக் கணக்குகள் கை மாறின. அந்த மாற்றத்தில் காணாமல் போனவையும் உண்டு. ஒரு கிராமத்துக்கு இல்லை என்றால் பக்கத்துக் கிராமத்துக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலம் இரண்டு கிராமத்திலும் இருந்திருக்கலாம்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். கணினியில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலும் 1975-க்கு இந்தப் பக்கம்தான் வரும். அதற்கு முன்னால் என்றால் மனுப் போட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, கையெழுத்து அட்டவணைகளைப் புரட்டச் செய்ய வேண்டும். அட்டவணை ஒன்றில் ஆட்களின் பெயர், இரண்டில் சொத்து. இந்த இரண்டையும், சொத்துப் பத்திரங்கள் ஏறியிருக்கும் முதல் புத்தகத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவே சொல்கிறது. உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகு விண்ணப்பிக்கிற யாருக்கும் நகல் உண்டு. நீங்கள் வாரிசு என்று நிரூபித்தால்தான் தருவோம் என்று சொன்னால் பிரிவு எண்ணைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் கிராமம் இப்போது சேர்ந்திருக்கும் அலுவலகம் எதிலிருந்து பிரிந்தது என்பதையும் விசாரியுங்கள். பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே தங்கியிருக்கும்.

நகல் கையில் வந்தால் எல்லோரும் வாங்கியவர், விற்றவர் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம். அந்தக் காலப் பத்திரம் ஏறக்குறைய இப்படித் தொடங்கும்: "1899-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துக்குச் சரியான விகாரி வருஷம் மார்கழி மாதம், சேலம் ஜில்லா திருப்பத்தூர் தாலுக்கா மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் அவர்களுக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால்..." சாதி, ஜீவனம் எல்லாம் இருக்கும். என் மகள் கல்யாணச் செலவுக்காக, மைனர் மகனுக்குக் கார்டியனாக இருந்து என்று விற்ற காரணமும் பல பத்திரங்களில் உண்டு. இரண்டு பேரின் அப்பா பெயரும் இந்த ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடுகிறது.

அதையெல்லாம் தாண்டிக் கீழே வாருங்கள். சொத்து விவரத்தில் "இதற்குச் செக்குபந்தி" என்று நான்கெல்லை எழுதியிருக்கும். இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு, இப்படி. அந்த இன்னார்கள் யார்? பாகம் பிரித்த நிலம் என்றால் கிழக்கே அண்ணன், தெற்கே சித்தப்பா மகன், மேற்கே பெரிய தாத்தாவின் பேரன். ஒரே சர்வே எண்ணுக்குள் அ, ஆ என்று உட்பிரிவு இருந்து, எல்லைக்காரரின் அப்பா பெயரும் உங்கள் ஆளின் அப்பா பெயரும் ஒன்றாக இருந்தால் அவர் பங்காளிதான் என்று நான் முக்கால்வாசி நம்பிவிடுவேன். மிச்சம் கால்வாசிக்கு எல்லைக்காரர் பெயரிலேயே அட்டவணை ஒன்றில் தேடச் சொல்லுவேன். உங்கள் தாத்தா ஒரு பத்திரம்கூட எழுதாமல் இருந்திருக்கலாம். அவர் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை விற்றவன் எழுதியிருப்பான், அதில் எல்லையாக அவர் நிற்பார்.

இன்னொரு விஷயம். 100 ரூபாய்க்குக் கீழே விலைபோன நிலத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அன்றைய விலைக்குப் பாதி ஊர் அதற்குள் அடங்கிவிடும். எனவே அட்டவணையில் பெயர் இல்லை என்றதும் மனம் தளர வேண்டாம். அடமானம், போக்கியம், விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் தேடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டால் லாட்டரிதான், வம்சம் மொத்தமும் அதில் இருக்கும். அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது. முனிசீப் கோர்ட் பிராதில் வம்சாவளிக் கட்டமே போட்டுக் காட்டியிருப்பார்கள். சண்டை போட்ட தாத்தாக்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தேதி படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வருவாய்க் கணக்குகள் பசலி என்கிற வருவாய்த் துறை ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் வருஷம், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்கி 1901 ஜூனில் முடிவது. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கொரு முறை திரும்பும் என்பதால் வெறும் "விகாரி" என்று ஓலையிலோ கல்லிலோ கண்டால் 1899-ஆ 1959-ஆ என்று யோசியுங்கள். பெயர்களும் அப்படித்தான் திரும்பும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் பழக்கத்தில் முனுசாமிக்குப் பிறந்த கோவிந்தனுக்குப் பிறந்தவன் மறுபடியும் முனுசாமி. நூறு வருஷ இடைவெளியில் இருக்கும் இருவரை ஒருவராக்கி மரம் வரைந்து வந்து காட்டியவர்கள் உண்டு. அப்பா பெயர் ஒத்துப்போகாமல் யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதராஸ் மாகாணத்தில் இதற்கான சட்டம் 1899-இல் வந்தது, உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்கு முன் பிறந்தவர். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் வைக்குமுன்பே எழுதியதுதான் காரணம். எனவே அப்பா, அம்மா பெயரை வைத்துத் தேடுங்கள். இறப்புப் பதிவு இதைவிட உதவும், பெயராவது இருக்கும். இப்போதைய 1969-ஆம் வருஷச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் எவரும் தேடச் சொல்லி நகல் பெறலாம், இறப்பின் காரணத்தை மட்டும் அதில் காட்டமாட்டார்கள்.

நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால்? இதை நேராகவே சொல்ல வேண்டும். கச்சேரிக் காகிதம் நிலமிருந்தவனுக்காக எழுதியது. கூலிக்குப் போனவனுக்கு அதில் இடம் கொஞ்சம்தான். ஆனாலும் வழி உண்டு. 1892-லிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் குடும்பத்தில் இருந்ததா என்று பாருங்கள். யாருக்கு ஒப்படைத்தார்கள் என்பது வருவாய்ப் பதிவில் இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கட்டர் குடும்பத்தார் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று பரவியது. அந்தச் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயத்தில் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பம் என்றால் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் ஜமாத்தின் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு. எந்த வீட்டுக்கும் பொருந்துவது பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு. பையன் பெயர், அப்பா பெயர், ஊர், தொழில், எதுவரை படித்தான், ஏன் நின்றான் என்று ஒரே வரியில் கிடைக்கும்.

கடைசியாக, கப்பலேறிய அண்ணன். ஊரில் தங்கிய தம்பியைவிட இவரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1860 அக்டோபரில் மதராசிலிருந்து கிளம்பி நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களின் கப்பல் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுக்கா, கிராமம் எல்லாம் உண்டு. டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். மோரீஷஸ் போனவரானால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். அங்கே சிலருக்குப் புகைப்படமே கிடைக்கும். 1903-லிருந்து மதராசிலிருந்து பிஜிக்கும் கப்பல் போனது, அந்தக் குடியேற்றச் சீட்டுகள் பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தோட்ட வேலைக்கு ஆள் திரட்டிய கங்காணி பின்னால் இலங்கைக்கோ மலேயாவுக்கோ போயிருந்தால் இவ்வளவு விவரம் எதிர்பார்க்க முடியாது.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். முனுசாமி அங்கே மூன்சாமி, முனிசாமி, மூனசாமி என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கும். ஆகவே ஆள் பெயரைவிட அப்பா பெயர், கிராமம், வயது மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இவர் போனது 1911-க்கு முன். எனவே ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு என்று இருக்காது. சேலம் என்றுதான் இருக்கும்.