மாரிக்குள் கோழிக்குஞ்சு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில். வளவுக்குள் பத்து முட்டைக்கோழி வளர்க்க ஆசை. ஐப்பசியிலேயே குஞ்சு தருகிறேன் என்று ஒரு வியாபாரி நிற்கிறார். போன மாரியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் மழையில் செத்துப்போனதால் பயமாக இருக்கிறது.

பதில்: கூட்டை இப்போதே கட்டுங்கள் தங்கச்சி, குஞ்சை மட்டும் பொங்கல் கழிந்து மாசியில் வாங்குங்கள். ஏறக்குறைய 20 கிழமையில் முட்டை இடும். அடுத்த வாடைக்கு அவை வளர்ந்த கோழிகள், தாங்கும்.

மழையில் செத்தது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கண்ட அளவில் பெரும்பாலும் கொல்வது நனைந்த தரைதான். இரத்தக் கழிச்சல் கிருமி ஈர உமியில் இரண்டு நாளுக்குள் தொற்றுகிற பருவத்துக்கு வந்துவிடும். காலையில் ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பொத்திக் கையை விரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அந்த இடத்து உமியை அன்றைக்கே அள்ளி எறிந்து காய்ந்தது போடுங்கள். குந்தியிருந்து கோழியின் உயரத்தில் மூச்சை இழுங்கள். கண் கரித்தால் உமியை மாற்றப் பிந்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தரையை ஓரடி மேடாக்கி நாலு அங்குலம் உமி போடுங்கள். தாழ்வாரத்தை நன்றாக நீட்டி, வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் அடையுங்கள். நாலு பக்கமும் பொலித்தீன் சுற்றுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம், ஈரம் உள்ளுக்கே கிடந்து அவியும். பத்துக் கோழிக்கு 20 சதுர அடி போதும் என்பார்கள். மாரியில் நாட்கணக்கில் உள்ளே அடைபட்டுக் கிடக்கும், 40 ஆகக் கட்டுங்கள்.

இனி அந்த வியாபாரி. பழுப்பு முட்டைக்கோழி இனங்களில் ஒருநாள் குஞ்சிலேயே பேடு பழுப்பு, சேவல் வெளிர்மஞ்சள். பாதி விலைக்கு மஞ்சள் குஞ்சைக் கூடையில் கொண்டுவந்து 'எல்லாம் பேடு' என்று தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். ஐந்து மாதம் தீன் போட்ட பிறகு பத்தும் கூவும். இன்னொரு கூட்டம், பண்ணையில் கழித்த கிழட்டுக் கோழியை 'இப்பதான் முட்டைக்கு வருது' என்று விற்கும். முற்பணம் கொடுக்காதீர்கள். பதிவுள்ள குஞ்சு பொரிப்பகத்தின் பெட்டியும் பற்றுச்சீட்டும் கேளுங்கள், தயங்கினால் திருப்பி அனுப்புங்கள்.

மாரியிலும் குஞ்சு எடுக்க ஒரேயொரு வழி உண்டு: அடைக்கு உட்கார்ந்த ஊர்க்கோழி. 21 நாளில் பொரித்துத் தன் சிறகுக்குள்ளேயே சூடு கொடுக்கும், பல்பு தேவையில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கிற, முன்பும் குஞ்சு வளர்த்த கோழியாக இருக்க வேண்டும். பொரித்த பிறகு தாயும் குஞ்சும் காய்ந்த தரையிலேயே நிற்க வேண்டும். 'அடைக்கோழி' என்று சொல்லிச் சந்தையில் விற்பதை நம்பாதீர்கள். இடம் மாறினால் அது அடையை விட்டு எழும்பிவிடும்.

கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து சாகிற ராணிக்கெட்டு நோய் வராமலிருக்க, குஞ்சு பொரித்த முதல் கிழமையிலேயே கண்ணில் தடுப்புச் சொட்டுமருந்து விடவேண்டும். குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கென்று வருகிறது, கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்தில் வீண். பத்துக் கோழிக்காரரை யார் நினைக்கிறார்கள்? எத்தனை தடவை சொன்னாலும் சின்னக் குப்பிக்கு வழி பிறக்கவில்லை. அயல் வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு நாள் குறித்து, குப்பியை ஐஸ் போட்ட போத்தலுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.