கெட்டமினுக்குப் பின் வாந்தி: சாப்பிட்ட தோசைதான் காரணமா?

கேள்வி: சைக்கிளிலிருந்து விழுந்த எங்கள் எட்டு வயது மகனுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போட்டு மணிக்கட்டு எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். கண் விழித்தபின் மூன்று முறை வாந்தியெடுத்தான். விழுவதற்குச் சற்றுமுன் தோசை சாப்பிட்டிருந்தான், அதனாலா? இனி மயக்க மருந்து தேவைப்பட்டால் வாந்தியைத் தடுக்க முடியுமா?

பதில்: தோசையின் மீது பழி போட வேண்டியதில்லை. இந்த வாந்தி பெரும்பாலும் கெட்டமினின் இயல்பிலிருந்தே வருகிறது. அம்மருந்து பெற்ற 8,282 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு வாந்தி வந்தது. பதின்ம வயதைத் தொடுவோருக்கு அது கூடுதல். பெரும்பாலும் குழந்தை தெளிந்துவரும் வேளையில், இருமித் தொண்டையைக் காத்துக்கொள்ளும் திறன் இருக்கும்போதே வாந்தி வருவதால், புரையேறி நுரையீரலுக்குள் செல்வது மிக அரிது. இதனால்தான், வயிறு காலியாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2014இல் வழிகாட்டியது. ஆனாலும் கடைசியாக எதை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆறுதலுக்காகப் பாலோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள்.

தடுப்பதற்கு ஓண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், அதிகபட்சம் 4 மில்லிகிராம் என்ற கணக்கில் அதைக் கெட்டமினுடன் நரம்பு ஊசியாகக் கொடுத்துப் பார்த்த, 2008இல் வெளியான ஆய்வில், அவசரப் பிரிவிலேயே வாந்தியெடுத்தோர் 12.6 விழுக்காட்டிலிருந்து 4.7 ஆகக் குறைந்தனர். அதாவது, 13 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வாந்தி தவிர்க்கப்படும். எல்லோருக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல. முன்பு வாந்தியெடுத்த உங்கள் மகனுக்கு அவசியம் கேட்டுப் பெறலாம். இதயத் துடிப்பில் கியூடி நீட்சி (ஈசிஜியில் தெரியும் இதய மின்னோட்டக் கோளாறு) குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். தசையில் போடும் கெட்டமின் ஊசியைவிட நரம்பில் ஏற்றுவதில் வாந்தி குறைவு. மயக்கத்துக்கு முன் கொடுக்கப்படும் மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள் வாந்தியைச் சற்றுக் கூட்டக்கூடும். அதற்காகக் குழந்தையை வலியில் துடிக்க விடுவது சரியல்ல.

எலும்பை மீண்டும் நேராக்க நாள் குறித்தால், அது அவசரமல்ல என்பதால் பட்டினி விதி பொருந்தும்: தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பும், இட்லி போன்ற இலேசான உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும்.

இன்னொன்று: சைக்கிளிலிருந்து விழுந்த குழந்தை வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து வாந்தியெடுத்தால், தலைவலியோ வழக்கத்துக்கு மாறான தூக்கமோ இருந்தால், அதைக் கெட்டமினின் விளைவென்று எண்ணிக் காத்திருக்காமல், தலையில் அடிபட்டிருக்கிறதா என்று அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.