வான் வண்டிக்கு அடியில் சிவப்பு எண்ணெய்: முழுக் குழாயா, ஒட்டு வேலையா?

கேள்வி: எங்களிடம் 2012ஆம் ஆண்டு டொட்ஜ் கிராண்ட் கரவன் இருக்கிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில வாரங்களாக முன்பக்கத்தில் சிவப்பு எண்ணெய் சொட்டுகிறது. ட்ரான்ஸ்மிஷன் எண்ணெயைக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் கசிகின்றன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறது ஒரு கராஜ். கசியும் இடத்தை வெட்டி ரப்பர் குழாய் போட்டால் போதும் என்கிறார் இன்னொரு மெக்கானிக். பழைய வண்டிக்கு எதற்குச் செலவு, எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓடு என்கிறார் மச்சான். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: மச்சான் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷனில் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதே அந்த எண்ணெயின் அழுத்தம்தான். எண்ணெய் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடேறிக் கருகும். குழாய்க்குப் போகும் செலவு எங்கே, ட்ரான்ஸ்மிஷனுக்குப் போகும் செலவு எங்கே! சூடான எக்ஸ்ஹோஸ்ட் மேல் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. போதாததற்கு, உங்கள் வானில் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலே கிடையாது. அளவுகோல் செருகும் குழாய்க்கு மூடி மட்டும்தான் இருக்கும். எவ்வளவு குறைந்தது என்று தெரியாமல் எப்படி ஊற்றுவது?

பணம் கொடுக்கும் முன், கசிவது எது என்பதை உறுதிப்படுத்துங்கள். இந்த வானின் பவர் ஸ்டியரிங்கிலும் ஏடிஎஃப்+4 (ATF+4) என்ற அதே சிவப்பு ட்ரான்ஸ்மிஷன் எண்ணெய்தான் ஓடுகிறது. நிறத்தை மட்டும் பார்த்துக் குழாய்தான் என்று முடிவுகட்டினால் காசு வீணாகலாம். வண்டியை மேலே தூக்கி, குழாய்களைத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகக் குழாயும் ரப்பர் குழாயும் சேரும் இடத்தில் ஓர் உலோக வளையத்தை நசுக்கிப் பிணைத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்த வளையத்தின் விளிம்பில்தான் முதலில் ஈரம் பூக்கும். பிறகு துளியாகத் திரண்டு குழாய் வழியே கீழே இறங்கும். அதனால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

வளையம் மட்டும் கசிந்து, உலோகக் குழாய் நல்ல நிலையில் இருந்தால், இரண்டாவது மெக்கானிக் சொல்வது நேர்மையான வழிதான். பிரேக் குழாயில் இப்படி வெட்டி ஒட்டவே கூடாது. இங்கே அழுத்தம் அதைவிடப் பலமடங்கு குறைவு. ஆனால் போடுவது ட்ரான்ஸ்மிஷன் எண்ணெய்க்கென்றே செய்த ரப்பர் குழாயாக இருக்க வேண்டும். ஹீட்டர் குழாயை மாட்டினால் சூடான எண்ணெயில் ஊறி இளகிவிடும். வெட்டிய உலோக முனையில் சிறு விளிம்பு எழுப்பிய பிறகே கிளிப் போட வேண்டும். வழவழப்பான முனை என்றால் குழாய் ஒருநாள் நழுவி, எண்ணெய் முழுவதும் தெருவில் கொட்டிவிடும்.

ரொறன்ரோக் குளிர்காலத்து உப்பு உலோகத்தைத் தின்றிருந்தால் கதை வேறு. விரலால் தேய்க்கும்போது துருச் செதில் உதிர்கிறதா? அப்படியானால் ஒட்டு வேலைக்குக் கொடுக்கும் காசு வீண், இன்று இங்கே அடைத்தால் அடுத்த குளிர்காலத்தில் ஒரு சாண் தள்ளிக் கசியும். இரண்டு குழாய்களையும் சேர்த்தே மாற்றுங்கள்; கூலி ஒரு தடவையோடு போகும். டீலரின் குழாய்தான் வேண்டும் என்பதில்லை. டோர்மன் போன்ற வேறு நிறுவனங்களின் குழாய்களும் கிடைக்கின்றன. வண்டியின் 17 எழுத்தெண் கொண்ட அடையாள இலக்கத்தை (VIN) கொடுத்துப் பொருத்தம் பாருங்கள். நிக்கல் கலந்த செப்புக் குழாயை வளைத்துச் செய்துதரும் கராஜ் கிடைத்தால் அதையே எடுப்பேன், அது துருப்பிடிக்காது. வெறும் செப்பு வேண்டாம், அதிர்வில் விரிசல் விட்டுவிடும்.

பொருத்தியபின் ஏடிஎஃப்+4 தவிர வேறெதையும் ஊற்றவிடாதீர்கள். எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்துத்தான் மட்டத்தைக் கணிக்க முடியும், அந்த வெப்பநிலையைக் காட்டும் கருவி இருக்கிறதா என்று கராஜிடம் முன்பே கேளுங்கள்.

கடைசியாகச் சட்டம். ஒன்ராறியோவில் வாகனத் திருத்தத்துக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்பது உங்கள் உரிமை. இறுதிக் கட்டணம் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய பாகங்களுக்கும் அவற்றைப் பொருத்திய கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய குழாய்களை உங்களிடம் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள்.