அம்ப் பிறகு, கதவு முதலில்

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ, 141 மொடல் இருக்கிறது. பாட்டுச் செற்றும் முன் கதவு ஸ்பீக்கரும் ஜப்பானில் இருந்து வந்தபடியே. வீடு திருகோணமலை உப்புவெளியில், மாதத்தில் இரண்டு மூன்று தடவை கொழும்பு ஓட்டம். சத்தத்தைக் கூட்டினால் பாட்டுக் கிழிகிறது. ஒரு கடையில் 1000 வாட் அம்பும் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) 12 இஞ்சி சப்பும் (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) போடச் சொல்கிறார்கள். தெரிந்த தம்பி ஒருவர் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எது சரி? பற்றரி தாங்குமா? இந்தக் கடற்காற்றில் எவ்வளவு காலம் நிற்கும்?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் காரில் முதலில் கிழிவது பெரும்பாலும் ஸ்பீக்கர் அல்ல, செற்றுக்குள் இருக்கும் சின்ன அம்ப். செற்றின் முகப்பில் '50 வாட் × 4' என்று போட்டிருந்தாலும், 14 வோல்டுக்குள் ஓடும் அந்தச் சிப் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது 15 முதல் 20 வாட் வரைதான். அதற்கு மேல் திருகினால் ஒலி அலையின் முனை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். காதில் கிழிசலாகக் கேட்பது அதுதான்.

இந்த நிலையில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் சில வேளை இருந்த சத்தமும் குறையும். கொம்பனி ஸ்பீக்கரின் கூம்பு கடதாசி போல லேசானது, குறைந்த வாட்டிலேயே கத்தும். கடையில் வாங்கும் கனமான ஸ்பீக்கர் அப்படியல்ல. பெட்டியில் 'சென்சிற்றிவிற்றி' என்று ஓர் எண் டெசிபெல்லில் இருக்கும். அது 87 என்றால், 90 உள்ள ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். அம்ப் போடாமல் ஸ்பீக்கர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் 91க்கு மேல் உள்ளதையே தேடுங்கள். 'பீக் 300 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அது ஒரு கணத்து உச்சம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து ஓடக்கூடிய அளவு, மட்டும். கடைக்காரர் சொன்ன 1000 வாட்டும் அநேகமாக அந்தப் பீக் கணக்குத்தான்.

எங்கள் யோசனை: முன் கதவுகளுக்கு 6.5 இஞ்சி கொம்பனன்ற் ஸ்பீக்கர் ஒரு சோடி, அதாவது கதவில் பேஸுக்கும் நடு ஒலிக்கும் மிட், மேலே கீச்சு ஒலிக்குத் தனி ட்வீற்றர், இடையில் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் குறோஸ் ஓவர். அதோடு 4 ஓமில் சனலுக்கு 60 முதல் 75 வாட் ஆர்.எம்.எஸ். தரும் 4 சனல் அம்ப். முதல் இரண்டு சனல் கதவுக்கு. மற்ற இரண்டையும் பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒன்றாக இணைத்து, பின்னாளில் 10 இஞ்சி சப் ஒன்று சேர்க்கலாம். பின் ஸ்பீக்கருக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். ஓட்டுபவருக்கு பாட்டு முன்னால் இருந்து வந்தால் போதும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்தி, கதவு. கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் விற்க அதிகம் இல்லை. காரின் கதவு என்பது ஸ்பீக்கரின் பெட்டி. அந்தப் பெட்டியில் கை நுழையும் அளவு ஓட்டைகள் மூன்று நான்கு இருக்கின்றன. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் காணாமல் போவது இதனால். எவ்வளவு விலையான ஸ்பீக்கரானாலும் திறந்த கதவில் தகர டப்பாச் சத்தம்தான்.

கதவுப் பலகையைக் கழற்றும் முன் பற்றரியின் மைனஸைக் கழற்றி வையுங்கள். உள் கைபிடிக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ, கதவை இழுத்துச் சாத்தும் குழிக்குள் இன்னொன்று இருக்கும், பெரும்பாலும் சின்ன மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். பிறகு கீழ் ஓரத்தில் இருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, பலகையை மேலே தூக்க வேண்டும். இத்தனை வருட வெயிலில் கிளிப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பத்துப் புதுக் கிளிப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் கதவு கடகடக்கும்.

பழைய ஸ்பீக்கர் ஸ்குரூவில் அல்ல, றிவெற்றில் நிற்கும். றிவெற்றின் தலையை ட்ரில்லால் மெல்ல எடுக்கும்போது இரும்புத்தூள் கதவுக்குள் கொட்டும். உப்புக்காற்றில் அந்தத் தூள் ஒரு மாதத்துக்குள் துருப் புள்ளியாகும். துணியில் சுற்றிய காந்தத்தால் அதை வழித்து எடுத்து, ஓட்டையின் ஓரத்துக்கு ஒரு தடவை பெயின்ற் தொட்டு விடுங்கள்.

புது ஸ்பீக்கர் நேராக உட்காராது, இடையில் வளையம் வேண்டும். அளவெடுப்பதற்கு முன் கண்ணாடியை முழுதாக இறக்கிப் பாருங்கள். கண்ணாடி இறங்கிய நிலையில் காந்தத்துக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். கண்ணாடியை ஏற்றி வைத்து அளந்துவிட்டு, அது பாதியில் சிக்கிய பிறகு கதவைத் திரும்பக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். வளையம் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திய பலகையில் வேண்டாம். மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரத்தால் கதவுக்குள் இறங்குவது வழக்கம், அதில் எம்.டி.எஃப். ஊறி உப்பிப் பிரியும். பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள், அல்லது படகுக்குப் பாவிக்கும் பிளைவுட்டில் வெட்டுவித்து, பெயின்ற் இரண்டு கை அடியுங்கள்.

இனி டாம்பிங் தாள், அதாவது தகடு அதிராமல் இருக்க ஒட்டும் தாள். அலுமினியத் தாளின் அடியில் பியூட்டைல் என்ற றப்பர்ப் பசை உள்ளதாக, 2 மில்லிமீற்றர் தடிப்பில் வாங்குங்கள். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த் தாளும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நிலாவெளிக் கடற்கரை ஓரம் மத்தியான வெயிலில் நிறுத்திய காரில் தார் இளகி வழிந்து, மணந்து, கடைசியில் கழன்று விழும். வெளித்தகட்டின் உட்புறத்தைத் தின்னர் அல்லது அற்ககோலால் துடைத்துக் காயவிட்டு, பரப்பில் கால்வாசிக்கு ஒட்டினால் போதும், முழுவதும் தேவையில்லை. விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றது 'தப்' என்று மாறினால் சரி. உருளையால் தாளின் மேல் உள்ள பூவேலை தட்டையாகும் வரை அழுத்த வேண்டும். கையால் மட்டும் தடவி விட்டால் காற்றுக் குமிழி நின்று பிறகு உரியும். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடு அல்லது பிளாஸ்டிக் பலகை வெட்டி வைத்து, அதற்கு மேல் தாளை ஒட்டுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மூடினால் கதவு அடியில் இருந்து உக்கும்.

வயரைப் பற்றி, உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதுதான் அரைப் பதில். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 'அம்ப் கிற்' வயர் பலவும் செம்பு அல்ல, செம்பு பூசிய அலுமினியம். பிளேட்டால் ஓர் இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மின் கடத்துவதில் அது செம்பின் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். உப்பு ஈரம் பட்டால் முனையில் இருந்து வெள்ளைத் தூளாகக் கரையவும் தொடங்கும். போனட்டில் இருந்து டிக்கி வரை ஏறக்குறைய 5 மீற்றர். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிப்பு. 8 கேஜ் சுத்தச் செம்பில் 40 ஆம்பியர் ஓடும்போது இந்தத் தூரத்தில் இழப்பு 0.4 வோல்ட். 4 கேஜ் என்றால் 0.16 வோல்ட். சப் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 4 கேஜ் இழுத்து விடுங்கள், கார்ப்பெற்றை இரண்டாம் தடவை தூக்கும் கூலி மிஞ்சும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது, படகுக்காரர் பாவிப்பது அதைத்தான்.

பிளஸ் வயரில் ஃபியூஸ், பற்றரியில் இருந்து 45 சென்ரிமீற்றருக்குள். ஃபியூஸ் காப்பது அம்பை அல்ல, வயரை. நடுவழியில் தோல் உரிந்து பாடியில் பட்டால் வயர் முழு நீளத்துக்கும் எரியும், காரையும் சேர்த்து. 8 கேஜுக்கு 50 ஆம்பியர் போதும். எஞ்சின் பக்கத் தகட்டைக் கடக்கும் இடத்தில் றப்பர் வளையம் இல்லாமல் வயரை விடாதீர்கள். முன் தூணுக்குள் கேட்டன் ஏர்பாக் (பக்கக் கண்ணாடியோரம் திரை போல விரிவது) இருந்தால் ட்வீற்றர் வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், மேலே அல்ல. மஞ்சள் உறையோ மஞ்சள் சொக்கற்றோ உள்ள எந்த வயரிலும் கை வைக்க வேண்டாம், அது ஏர்பாக் வயரிங்.

அம்பின் மைனஸைப் பாடியோடு சேர்க்கும் ஏர்த் வயர் அரை மீற்றருக்குள் முடிய வேண்டும், பிளஸ் எந்தத் தடிப்போ அதே தடிப்பு. பாடியில் இடம் பார்த்து, பெயின்றைச் சுரண்டி வெள்ளித் தகடு தெரிய வைத்து, பல் வாஷரோடு நட் போட்டு இறுக்கி, பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள். சீற் பெல்ற் போல்ட்டில் ஏர்த் எடுப்பது இங்கே பரவலான பழக்கம், தப்பான பழக்கம். அதன் இறுக்கம் உயிருக்கானது, அதில் பெயின்றும் ஒட்டும் பசையும் இருக்கும். புதிதாக ஓட்டை போடுவதென்றால் காருக்கு அடியில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பின் சீற்றுக்குக் கீழே பெற்றோல் ராங்க்.

ஒரிஜினல் செற்றில் அம்புக்குச் சமிக்ஞை அனுப்பும் ஆர்.சி.ஏ. வெளியீடு இருக்காது. அதற்காக செற்றை மாற்றத்தான் வேண்டும் என்று இல்லை. 'ஹை லெவல்' உள்ளீடும், தானாக ஓன் ஆகும் வசதியும் உள்ள அம்ப் வாங்கினால் ஸ்பீக்கர் வயரில் இருந்தே சமிக்ஞை எடுக்கும். டொயோட்டா செற்றுக்குப் பின்னால் 10 முள், 6 முள் சொக்கற் இரண்டு இருக்கும். அதற்கென்றே விற்கும் இடைச் சொக்கற்றை வாங்கினால் ஒரு வயரும் வெட்டாமல் முடியும். ஸ்பீக்கர் மைனஸை மட்டும் எக்காரணத்துக்கும் பாடியோடு சேர்க்காதீர்கள், செற்றின் சிப் எரிந்து போகலாம். கதவுக்குள் போகும் கொம்பனி வயர் 75 வாட்டைத் தாங்கும், புதிது இழுக்கத் தேவையில்லை.

இருந்தாலும் செற்றை மாற்ற ஒரு நியாயம் உண்டு. ஜப்பான் செற் எஃப்.எம்.மை 76 இல் தொடங்கி 90 மெகாஹேட்ஸோடு நிறுத்திவிடும், எங்கள் நிலையங்கள் 108 வரை பரந்திருக்கின்றன. இடையில் பூட்டும் பேண்ட் கொன்வேற்றர் எண்ணை இறக்கிக் காட்டுமே தவிர, கொழும்பு வழியில் ஹபரணைப் பக்கம் போனால் இரைச்சலையும் சேர்த்துக் காட்டும். கையில் காசு இருந்தால் செற்றை மாற்றுங்கள், ஆனால் அம்புக்கும் கதவுக்கும் பிறகு.

மிட் ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸை 1.5 வோல்ட் பேனாப் பற்றரியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவில் மாறிப் போனாலும் இரண்டும் சேர்ந்து பாடும்போது பேஸ் மாயமாகும். அப்போதுதான் ஆட்கள் போய் பெரிய சப் வாங்கி வருகிறார்கள்.

அம்பில் உள்ள கெயின் திருகு சத்தத்துக்கான திருகு அல்ல, செற்றின் சமிக்ஞைக்கு அம்பைப் பொருத்தும் திருகு. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, டோன், பேஸ் பூஸ்ற் எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, செற்றை முக்கால் சத்தத்தில் வைத்து 1000 ஹேட்ஸ் சோதனை ஒலியை ஓட்டுங்கள். அம்ப் முனையில் மல்டிமீற்றரை ஏ.சி. வோல்டில் பிடித்து, 60 வாட் அம்ப் என்றால் 15.5 வோல்ட், 75 வாட் என்றால் 17.3 வோல்ட் காட்டும் வரை மெல்லத் திருகி நிறுத்துங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண் இது. கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹேட்ஸ், அதாவது அதற்குக் கீழ் உள்ள ஒலி போகாது. சப் வந்ததும் அதற்கு லோ பாஸ் 80, அதாவது அதற்கு மேல் உள்ள ஒலி போகாது. பிரிட்ஜ் பண்ணும் சப் ஒற்றைச் சுருள் 4 ஓமாக இருக்கட்டும். இரட்டைச் சுருள் 2 ஓம் சப்பைத் தப்பாகப் பக்கத்துக்குப் பக்கம் இணைத்தால் 1 ஓம் ஆகி அம்ப் சூடேறி நிற்கும்.

எஞ்சினை முடுக்கும்போது 'ங்ங்ங்' என்று கூடும் இரைச்சல் வந்தால், அம்பில் இருந்து உள்ளீட்டுச் சொக்கற்றைக் கழற்றுங்கள். நின்றால் குறை செற் பக்கம், அல்லது சமிக்ஞை வயர் பிளஸ் வயரோடு ஒட்டி ஓடுகிறது, அதைக் காரின் மறு ஓரத்துக்கு மாற்றுங்கள். நிற்காவிட்டால் ஏர்த்தைத் திரும்பச் சுரண்டுங்கள். இதற்கு 'நோய்ஸ் ஃபில்ற்றர்' விற்க வருகிறவர்களிடம் வாங்க வேண்டாம்.

பற்றரி தாங்கும். கதவு இரண்டும் 200 வாட் சப்பும் உச்சத்தில் ஓடினாலும் கிளாஸ் டி அம்ப் (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) இழுப்பது 30 ஆம்பியரைச் சுற்றித்தான், பாட்டின் சராசரி அதில் மூன்றில் ஒன்றும் வராது. இந்த அளவுக் காரின் ஓல்ற்றநேற்றருக்கு, அதாவது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவுக்கு, அது பாரமல்ல. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடற்கரையில் இரண்டு மணித்தியாலம் பாட்டுப் போட்டால்தான் வேறு காரின் பற்றரியில் வயர் கொடுத்து ஸ்ராட் பண்ண ஆள் தேட வேண்டி வரும்.

கடற்காற்றுக்கு: ஸ்பீக்கர் கூம்பு பொலிபுறொப்பிலீன், ஓரம் றப்பர். ஸ்பொஞ்ச் ஓரம் வெக்கையில் சில வருடங்களில் மாவாகும். வயர் முனைகளை முறுக்கி ரேப் சுற்றக்கூடாது, லக் (உலோக முனை) போட்டு நசுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் ஏற்றுங்கள். அம்ப் முன் சீற்றுக்கு அடியில் என்றால் கார்ப்பெற்றில் நேராக வைக்காமல் ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள், கடற்கரை மணலும் ஈரச் செருப்பும் அங்கேதான் சேரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏர்த் போல்ட்டையும் ஃபியூஸ் முனைகளையும் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் உப்புத்தாளால் தேய்த்து, வஸ்லின் தடவி இறுக்குங்கள்.