நாற்பது வயதில் டிசைன் படிக்க வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

பதினான்கு வருடம் மதுரையில் ஓர் அச்சகத்தில் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்துவிட்டு, 39 வயதில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கப் போனவள் நான். இப்போது முதலாண்டுக்காரர்களுக்கு அடிப்படை டிசைன் சொல்லிக்கொடுக்கிறேன். பல வருட இடைவெளிக்குப் பிறகு படிக்க வந்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். முதல் அசைன்மென்ட்டே ‘ஒரு காட்சியை வாசித்து இரண்டு பக்கம் எழுதுக’. ‘அழகாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எனக்கு ஒரு வரி வரவில்லை. (திருச்சி)

‘அழகு’ என்ற சொல்லை முதல் ஒரு மணி நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். அதைச் சொல்லிவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும்.

மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்வோம். 1959-ல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். முதல் தடவை கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். நான்கு ஆண்கள், ஒரு பெரிய பாறை, இடுப்பில் துணி, முறுக்கேறிய தசை. விளக்கம் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது தடவை, எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். உடம்புகள் சாய்ந்திருக்கின்றன. படுக்கைக் கோட்டைப் பார்த்தால் நமக்கு ஓய்வு தோன்றும், செங்குத்துக் கோட்டைப் பார்த்தால் உறுதி தோன்றும். சாய்ந்த கோடு மட்டும் ‘இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறது’ என்ற உணர்வைத் தரும். வெண்கலம் அசையாது, ஆனால் பாறை இதோ நகரப்போகிறது என்று தோன்றுகிறதே, அதற்குப் பெரிய காரணம் இந்தச் சாய்வுதான்.

மூன்றாவது தடவைதான் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அதே கடற்கரைச் சாலையில் வைத்த சிலைகளோடு ஒப்பிடுங்கள். அவை பெரும்பாலும் தனி ஆள், உயர்ந்த பீடம், தெரிந்த பெயர். இங்கே நான்கு பேர், யாருக்கும் பெயர் கிடையாது. இந்த வித்தியாசம் பார்ப்பவருக்கு என்ன சொல்கிறது? இதை எழுத ஆரம்பித்தால் இரண்டு பக்கம் போதாது. ‘அழகு’ என்று எழுதத் தோன்றினால் இப்போது எழுதுங்கள், அதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: ‘அலங்காரம் பண்ணக் கற்றுக்கொள்ளவா இந்த வயதில் படிப்பு’ என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு வரையவும் வராது. பயமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

1958-ல் இந்திய அரசு கேட்டுக்கொண்டதால் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. தாங்கள் இங்கே பார்த்த பொருள்களில் தலைசிறந்ததாக அவர்கள் அதில் சொன்னது நம் வீட்டுச் சொம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கை எப்படிப்பட்டது, தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். டிசைன் என்பது இந்தக் கேள்விகள். வீட்டில் கேட்டால் சொம்பை எடுத்துக் காட்டுங்கள்.

வரைவதைப் பற்றி: கோலநோட்டில் ‘15 புள்ளி, 8 முடிய, இடைப்புள்ளி’ என்று எழுதி வைத்திருப்பீர்களே, வகுப்பில் கிரிட் என்று சொல்வது அதைத்தான். முதலில் புள்ளி, பிறகு அதற்குக் கட்டுப்பட்ட கோடு. பக்க வடிவமைப்பும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

கேள்வி: அக்கா, நான் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன், சாயங்கால வகுப்பில் படிக்கிறேன். ஆசிரியர் ‘வெற்றிடம் விடு’ என்கிறார். கல்யாணப் பத்திரிகையில் இடம் விட்டால் கஸ்டமர் ‘இங்கே ஒரு பிள்ளையார் போடுங்க’ என்கிறார். யார் சொல்வது சரி? (விருதுநகர்)

தம்பி, இந்த இழுபறியில் நானும் வருடக்கணக்காக இருந்திருக்கிறேன். இதில் நான் ஆசிரியர் பக்கம். ஆனால் ஒரு பெயரைக்கூட எடுக்காதீர்கள். சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அது குடும்பத்தில் ஆறாத வருத்தம். அதை முடிவு செய்வது நம் வேலை கிடையாது.

நம் வேலை சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும். அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கும் என்று ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் 1923-ல் புள்ளிகளை வைத்தே விளக்கினார். பத்திரிகையில் நான்கு கூட்டம்தான் இருக்கிறது: அழைப்பவர், மணமக்கள், முகூர்த்தமும் மண்டபமும், தங்கள் நல்வரவை விரும்பும் உறவினர். ஒரு கூட்டத்துக்குள் வரிகளுக்கு நடுவே விடும் இடத்தைவிட, கூட்டங்களுக்கு நடுவே இரண்டு மடங்காவது விடுங்கள். வெவ்வேறு எழுத்தளவுகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஓரங்களில் இருக்கும் பூக்கொடியை ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையாருக்கு உச்சியில் ஒரே இடம் கொடுத்து, சுற்றிலும் காலியாக விட்டால், அவர் முன்னைவிடப் பெரிதாகத் தெரிவார்.

அப்புறம், கஸ்டமரிடம் ‘வெற்றிடம்’ என்று சொல்லாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டி, ‘எதில் முகூர்த்த நேரம் முதலில் தெரிகிறது?’ என்று கேளுங்கள்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் எழுத்துகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆங்கிலத்துக்கே பொருந்துகிறது. தமிழுக்கு என்ன செய்வது? (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்துகளில் அடித்து எடுப்பாகக் காட்டலாம். நமக்கு அப்படி இரண்டாவது எழுத்து வரிசை இல்லை. சாய்வெழுத்தும் நம் மரபில் வந்தது கிடையாது, கணினி வலுக்கட்டாயமாகச் சாய்க்கும்போது எழுத்தின் சுழி கெடுகிறது. ஆகவே அளவு, தடிமன், நிறம், இடைவெளி ஆகியவற்றை வைத்துத்தான் எது முதல், எது அடுத்தது என்று காட்ட வேண்டும்.

வரி இடைவெளியும் வேறு. ‘கீ’ மேலே போகிறது, ‘மூ’ கீழே இறங்குகிறது. எழுத்தளவைப்போல 1.2 மடங்கு என்ற ஆங்கிலக் கணக்கில் வைத்தால் மேல்வரியும் கீழ்வரியும் இடித்துக்கொள்ளும். 1.4-ல் ஆரம்பித்துப் பாருங்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற நீளச் சொற்கள் வரும் மொழியில், குறுகலான பத்தியை இரண்டு ஓரமும் சமமாக இழுத்தால் நடுவே ஓட்டை விழும். இடது ஓரத்தை மட்டும் சமமாக வையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டவே கூட்டாதீர்கள், ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பழகியவர்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு வந்துவிடுங்கள். முக்தா மலர், கேட்டமரன், பாலூ தம்பி என்ற யூனிகோடு எழுத்துருக்கள் எல்லாம் இலவசம். 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார், ஐஐடி பம்பாயில் ஆய்வு செய்தது தமிழ் எழுத்து வடிவங்களைத்தான். இதில் வேலை இன்னும் ஏராளம் இருக்கிறது.

கேள்வி: எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும்? (சேலம்)

சேர்க்கையை அப்புறம் பார்க்கலாம், முதலில் வெளிச்ச வித்தியாசத்தைப் பாருங்கள். செய்த வேலையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எழுத்து மறைந்துபோனால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறு. சிவப்பின் மேல் பச்சை எழுத்து இப்படித்தான் காணாமல் போகும். திரையில் படிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன.

கேள்வி: பழைய லேப்டாப்தான் இருக்கிறது. டிசைன் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட முடியாது. (நாகர்கோவில்)

கட்ட வேண்டாம். வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப், பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ், மூன்று மென்பொருளும் இலவசம். முதல் இரண்டு மாதம் அதுவும் வேண்டாம். கறுப்பு சார்ட் தாளை வட்டம், சதுரம், பட்டை என்று வெட்டி, வெள்ளைத் தாளில் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். சமநிலை கைக்குப் புரியும்.

கேள்வி: வகுப்பில் எல்லோரும் 18 வயது. என் போஸ்டரைச் சுவரில் மாட்டி எல்லோரும் குறை சொன்னபோது அழுகை வந்துவிட்டது. தொடரலாமா? (சென்னை)

தொடருங்கள் அம்மா. எனக்கும் நடந்தது. என் முதல் போஸ்டரை ஓர் ஆசிரியர் ‘ஃபிளெக்ஸ் பேனர் மாதிரி இருக்கிறது’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘முதலில் எதைப் பார்த்தீர்கள்? அடுத்து எதை?’ என்று கேட்பேன். இதற்கு வரும் பதில் வேலையைப் பற்றியதாக மட்டுமே இருக்கும். பக்கத்திலிருக்கும் பிள்ளைகளும் நன்றாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கேள்வி: வேலை, சமையல் எல்லாம் போக அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. தினமும் என்ன செய்யலாம்? (ஈரோடு)

ஒரு அச்சுப் பொருள் எடுங்கள். பஸ் டிக்கெட், மின்கட்டண ரசீது, ஜவுளிக்கடைத் துண்டறிக்கை, எதுவானாலும் சரி. எழுத்துகளை வெறும் கட்டங்களாக்கி, தீப்பெட்டி அளவில் பென்சிலால் வரையுங்கள். எது பெரிது, எது ஓரத்தில் என்று மட்டும் தெரிந்தால் போதும். பிறகு உங்கள் விருப்பப்படி மாற்றி அதே அளவில் மூன்று வரையுங்கள்.

இன்று மாத்திரை அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். பல அட்டைகளில் காலாவதி தேதி ஒரு மூலையில் மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து நான்கு மாத்திரையை வெட்டி எடுத்தால் தேதியும் கூடவே போய்விடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், நீங்கள் வரைந்த மூன்றையும் மாத்திரை அட்டை அளவுக்கே பெரிதாக்கி, கண்ணாடி போடாமல் பார்க்கச் சொல்லி, தேதி எதில் கிடைக்கிறது என்று கேளுங்கள்.