பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத பந்துவீச்சாளர் டாமி லசோர்டா எப்படிப் புகழ்பெற்ற மேலாளர் ஆனார்?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளை அருகருகே வைத்திருக்கிறார். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் எழுதப்படும். பெரிய லீக் எனப்படும் உச்சநிலை லீக்குகளில் லசோர்டாவின் கணக்கு 0 வெற்றி, 4 தோல்வி. மேலாளராக அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தி, 1,599 ஆட்டங்களையும், இரு பெரிய லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரை இரண்டு முறையும் வென்றவர். ஆகவே தோற்ற ஆட்டக்காரர்கள்தான் நல்ல பயிற்றுநர்கள் ஆகிறார்களா என்பது அவருடைய கேள்வி.

எனக்கு இதில் சொந்த ஆர்வம் ஒன்று உண்டு. நான் மொன்ரியாலில் வசிக்கிறேன். கிரிக்கெட்டோடு வளர்ந்து இங்கு வந்த எனக்கு பேஸ்பாலைப் பழக்கியது, 2004ஆம் ஆண்டோடு இந்நகரை விட்டுப் போய்விட்ட எக்ஸ்போஸ் அணி. ஆனால் இங்குள்ள முதியவர்களிடம் பேஸ்பாலைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் எக்ஸ்போஸைத் தாண்டி, அதற்கும் முந்தைய, டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மொன்ரியால் ராயல்ஸுக்குப் போய்விடுவார்கள். அந்த அணி ஆடிய டெலோரிமியே அரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூடம் நிற்கிறது. அந்த அரங்கத்தின் ராயல்ஸைப் பொறுத்தவரை லசோர்டா தோற்றவர் அல்லர். அந்த அணிக்காக அவரைவிட அதிக ஆட்டங்களை வென்ற பந்துவீச்சாளர் வேறு எவரும் இல்லை: 107 வெற்றி, 57 தோல்வி.

0–4 என்ற எண் பொய்யன்று. ஆனால் அது 1954, 1955, 1956 ஆகிய மூன்று பருவங்களில், 26 ஆட்டங்களில், மொத்தம் 58 இன்னிங்ஸ் சொச்சத்தை (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 9 இன்னிங்ஸ்) மட்டுமே அளக்கிறது. அவர் தொழில்முறையாகப் பந்து வீசியதோ 14 பருவங்கள். எஞ்சியவை எல்லாம் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை லீக்குகளில் கழிந்தன. அந்த உலகத்தின் அளவைச் சற்றுச் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும். 1960 வரை அமெரிக்காவின் பெரிய லீக்குகள் இரண்டிலும் சேர்த்து 16 அணிகளே இருந்தன. அணிக்கு 25 பேர் என்றால் மொத்தம் 400 இடங்கள். அவற்றுக்குக் கீழே, 1949இல், 59 மைனர் லீக்குகளில் நானூறுக்கும் மேற்பட்ட அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. டி என்ற கடைநிலையிலிருந்து டிரிபிள் ஏ என்ற உச்சநிலை வரை படிப்படியாக அடுக்கப்பட்ட அந்த அணிகளில் பலவும் பெரிய லீக் அணிகளுக்குச் சொந்தமானவை, அல்லது அவற்றோடு ஒப்பந்தம் கொண்டவை. ஆட்டக்காரர் ஒருமுறை கையொப்பமிட்டால், அணி அவரை விற்கும் வரை அல்லது விடுவிக்கும் வரை வேறு எங்கும் போக முடியாது. இந்தக் கட்டு 1975இன் இறுதியில்தான் தளர்ந்தது. டிரிபிள் ஏ நிலையில் அருமையாக ஆடிக்கொண்டிருந்தும், மேலே இருக்கும் அணி வலுவானதாக இருந்த ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தேங்கிப்போனவர்கள் ஏராளம்.

லசோர்டா 1927இல் பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுன் என்ற ஊரில், இத்தாலியிலிருந்து குடியேறியவரின் மகனாகப் பிறந்தார். 1945இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி அவரை எடுத்து, வட கரோலினாவின் கான்கார்ட் என்ற ஊரின் கடைநிலை அணிக்கு அனுப்பியது. அங்கே 3 வெற்றி, 12 தோல்வி. பிறகு படைப்பணி. 1948இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி அணிக்காக ஆடியபோது, 15 இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போன ஓர் ஆட்டத்தில் 25 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்ததோடு, அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றியதோடு, வெற்றிக்கான ஓட்டத்தையும் தன் மட்டையாலேயே வரவழைத்தார். அடுத்த இரு ஆட்டங்களிலும் முறையே 15, 13 பேரை வீழ்த்தினார். இதைக் கவனித்த டாட்ஜர்ஸ் அணி அந்த ஆண்டின் இறுதியில் அவரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. அது நற்பேறா என்று இன்றுவரை எனக்கு ஐயம்தான். அப்போது புரூக்ளினில் ஆடிக்கொண்டிருந்த டாட்ஜர்ஸ் 1949, 1952, 1953, 1955, 1956 என்று ஐந்து முறை, இரு பெரிய லீக்குகளில் ஒன்றான தேசிய லீக்கை வென்ற அணி. புதிய பந்துவீச்சாளருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. வலுவற்ற ஓர் அணியிலேயே அவர் இருந்திருந்தால் நூறு பெரிய லீக் ஆட்டங்களிலாவது வீசியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் 1950இல் மொன்ரியாலுக்கு வந்தார். ஐந்து பருவங்கள் இங்கேயே இருந்தார். குளிர்காலங்களில் பனாமாவுக்கும் கியூபாவுக்கும் போய் அங்குள்ள லீக்குகளில் பந்து வீசினார். ஸ்பானிய மொழி அவருக்கு அந்தப் பயணங்களில் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1954 ஆகஸ்டில்தான் அவர் புரூக்ளினுக்காக முதன்முதலில் களமிறங்கினார். 1955 மே 5 அன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிராக முதன்முறையாகத் தொடக்கப் பந்துவீச்சாளராக இறக்கப்பட்டார். முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பந்துகள் பிடிப்பவரின் கைக்கு எட்டாமல் ஓடின. மூன்றாவது பந்து ஓடியபோது ஓட்டம் நிறைவுறும் இடமான ஹோம் பிளேட்டைக் காக்க ஓடிவந்த லசோர்டாவின் காலை, சறுக்கி வந்த எதிரணி ஆட்டக்காரர் வாலி மூனின் காலணி ஆணி கிழித்தது. அந்த இன்னிங்ஸை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் அவர் வெளியேறினார். டாட்ஜர்ஸுக்காக அவர் தொடக்கப் பந்துவீச்சாளராக இறங்கிய ஒரே ஆட்டம் அதுதான்.

ஜூன் மாதத்தில் அணியிலிருந்து ஒருவரை நீக்க வேண்டிய தேவை வந்தது. காயத்திலிருந்து மீண்டு வந்த 19 வயது இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவருக்கு இடம் வேண்டியிருந்தது. 4,000 டாலருக்கு மேல் ஒப்பந்த ஊக்கத்தொகை பெற்ற புதியவரை இரண்டு ஆண்டுகள் கீழ்நிலைக்கு அனுப்பக் கூடாது என்பது அக்கால விதி. பணக்கார அணிகள் இளைஞர்களை வாங்கிக் குவிக்காதிருக்க வகுத்த ஏற்பாடு அது. அந்த இளைஞர் 14,000 டாலர் பெற்றிருந்தார். பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாத நிலைதான் அப்போது. ஆயினும் விதி அவரைக் காத்தது. லசோர்டா மொன்ரியாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த இளைஞரின் பெயர் சாண்டி கூஃபாக்ஸ். முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி என்று தடுமாறிய அவர், அடுத்த ஆறு ஆண்டுகளில் எவராலும் தொட முடியாத பந்துவீச்சாளராகி, 30 வயதில் கைவலியால் ஓய்வு பெற்றார். தன்னை அணியிலிருந்து வெளியேற்றுவதற்கு உலகின் தலைசிறந்த இடக்கைக்காரரே தேவைப்பட்டார் என்று லசோர்டா வாழ்நாள் முழுவதும் மேடைக்கு மேடை சொல்லிச் சிரிக்கவைத்தார். அந்த நகைச்சுவைக்குள் இருக்கும் கசப்பைக் கவனித்தவர்கள் குறைவு. 27 வயதில், உச்சநிலை மைனர் லீக்கில் தன்னை நிறுவிக்கொண்ட பிறகு, திறமையை இன்னும் காட்டாத ஒருவருக்காக, ஆட்டத்தோடு தொடர்பில்லாத ஒரு கணக்கு விதியால் இடத்தை இழந்தவர் அவர்.

அடுத்த ஆண்டு கான்சஸ் சிட்டியின் பெரிய லீக் அணிக்கு விற்கப்பட்டார். அந்த நான்கு தோல்விகளும் அங்கே நேர்ந்தவை. பிறகு டென்வர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களின் மைனர் லீக் அணிகள், மறுபடியும் மொன்ரியால். 1958இல், பெரிய லீக் அவரை ஏறத்தாழ மறந்துவிட்ட பிறகு, ராயல்ஸுக்காக 18 வெற்றி, 6 தோல்வி என்று ஆடி, லீக்கின் சிறந்த பந்துவீச்சாளராகத் தேர்வானார். 1960 ஜூலையில் அணி அவரை விடுவித்தது.

இனி மேலாளர் கதைக்கு வருகிறேன். கிரிக்கெட் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை: பேஸ்பாலில் களத்தின் முடிவுகளை எடுப்பவர் அணித்தலைவர் அல்லர். பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது, மட்டையாளர் வரிசை என்ன என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் மேலாளர். அவரும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிந்திருப்பார்; அறுபது வயதுத் தொப்பையோடு ஒருவர் சீருடையில் களத்துக்குள் நடந்து வருவது எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சில ஆண்டுகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேடும் பணியில் இருந்த லசோர்டாவுக்கு, 1966இல் யூட்டாவின் ஆக்டன் நகரத்தில் இருந்த டாட்ஜர்ஸின் தொடக்கநிலை அணி கிடைத்தது. பள்ளியையும் கல்லூரியையும் விட்டு அப்போதுதான் வந்த இளைஞர்களின் அணி அது. 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளும் அவ்வணியே லீக்கை வென்றது. என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த பணி இதுதான்; பின்னால் வந்த உலகத் தொடர்கள் அதன் வட்டி. பெரிய அணியில் ஆடிக்கொண்டிருந்த மூத்த வீரர்களுக்கு "உங்கள் இடத்துக்கு நான் வரப்போகிறேன்" என்ற பொருளில் கடிதம் எழுதும்படி அவர் இந்த இளைஞர்களைத் தூண்டியதாக ஒரு கதை டாட்ஜர்ஸ் வட்டாரத்தில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. கூத்தாகத் தோன்றினாலும், 400 இடங்களின் வாசலில் பத்தாண்டுக்கு மேல் காத்துக் கிடந்தவருக்குத்தான் இப்படி ஒரு பயிற்சி தோன்றும். காத்திருப்பது ஒரு பழக்கமாகிவிட்டால் ஆட்டக்காரர் முடிந்துபோவார் என்பதை அவர் தன் உடம்பில் கற்றிருந்தார்.

ஆக்டனுக்குப் பின் ஸ்போக்கேன், அதன்பின் ஆல்புகர்க்கி அணிகளை நடத்தினார். 1970இலும் 1972இலும் டிரிபிள் ஏ நிலையிலான பசிபிக் கடற்கரை லீக்கை வென்றார். இதற்கிடையே கீழ்நிலையில் அவர் கையில் வளர்ந்தவர்களில் ஸ்டீவ் கார்வி, டேவி லோப்ஸ், பில் ரஸ்ஸல், ரான் சே ஆகிய நால்வரும் 1973 முதல் 1981 வரை டாட்ஜர்ஸின் உட்களத்தில், அதாவது ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் தளங்களைச் சுற்றிக் காக்கும் நால்வராக, ஒன்றாக ஆடினார்கள்; அவ்வளவு நீண்ட காலம் சேர்ந்தே இருந்த நால்வர் பெரிய லீக் வரலாற்றில் வேறு இல்லை. லோப்ஸும் ரஸ்ஸலும் வெளிக்களத்திலிருந்து உள்ளே கொண்டுவரப்பட்டவர்கள். கார்வி மூன்றாம் தளத்திலிருந்து முதல் தளத்துக்கு மாறியவர். இப்படி இடம் மாற்றும்போது ஓர் இளைஞன் நாள்தோறும் தவறு செய்து நாணுவான். அவனைப் பொறுத்துக்கொண்டு அடுத்த நாளும் அதே இடத்தில் இறக்க ஒருவர் வேண்டும்.

1976 செப்டம்பரில், அதுவரை மேலாளராக இருந்த வால்டர் ஆல்ஸ்டன் விலகியபோது லசோர்டா பெரிய அணியின் மேலாளர் ஆனார். முதல் இரண்டு முழுப் பருவங்களிலும் தேசிய லீக்கை வென்றார். 1981இல் உலகத் தொடர். அணியின் பந்துவீச்சாளரான மெக்சிகோவின் பெர்னாண்டோ வலென்சுவேலா அந்த ஆண்டு, ஆங்கிலம் ஏறத்தாழ அறியாத 20 வயது இளைஞர். அவரோடு மேலாளரே ஸ்பானிய மொழியில் பேச முடிந்தது. பனாமாவிலும் கியூபாவிலும் பிழைப்புக்காகக் கழித்த குளிர்காலங்கள் இங்கே பயன்பட்டன. 1988இன் இரண்டாவது உலகத் தொடரைப் பற்றியும் அதன் முதல் ஆட்டத்தை வென்றுதந்த கிர்க் கிப்சனின் அடியைப் பற்றியும் இணையத்தில் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.

குறையையும் சொல்ல வேண்டும். தானே பந்துவீச்சாளராக இருந்தவர், பந்துவீச்சாளர்களின் தோள்களை இன்னும் மென்மையாக நடத்தியிருக்கலாம். 1982 முதல் 1987 வரை ஒவ்வொரு பருவத்திலும் வலென்சுவேலா 250 இன்னிங்ஸுக்குக் குறையாமல் வீசினார். 1988இல் தோள் பழுதுபட்டது. அணியின் இன்னொரு பந்துவீச்சாளரான ஓரல் ஹெர்ஷைசருக்கு 1990இல் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்காலத்தில் எல்லா அணிகளும் அப்படித்தான் நடந்துகொண்டன என்பது ஓரளவு உண்மை. ஆனால் 15 இன்னிங்ஸையும் ஒரே ஆளாக வீசி முடித்த நாளைத் தன் பெருமையாகச் சுமந்து திரிந்த ஒருவருக்கு, "போதும், இறங்கு" என்று சொல்வது எளிதாக வராது என்றே எனக்குப் படுகிறது. அவரை வளர்த்த அதே அனுபவத்தின் மறுபக்கம் இது.

தோற்றவர்கள்தான் நல்ல மேலாளர்கள் ஆகிறார்களா என்ற பொதுக் கேள்விக்கு, அப்படி ஒரு விதி இல்லை என்பதே விடை. ஆல்ஸ்டன் பெரிய லீக்கில் ஒரே ஒரு முறை மட்டை பிடித்து, ஸ்ட்ரைக் அவுட் ஆனவர். அவரும் லசோர்டாவுமாக இருவரே 1954 முதல் 1996 வரை டாட்ஜர்ஸை நடத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் நியூயார்க் யாங்கீஸுக்கு நான்கு உலகத் தொடர்களைப் பெற்றுத்தந்த ஜோ டோரி, 1971இல் தேசிய லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். லசோர்டாவைப் பற்றி மட்டும் சொல்வதானால், அவரை மேலாளராக்கியது அந்த நான்கு தோல்விகள் அல்ல. மொன்ரியாலின் 107 வெற்றிகளும், அவற்றை எவரும் கணக்கில் எடுக்காமல் போனதும்தான்.

மாரடைப்புக்குப் பின் 1996இல் விலகினார். 1997இல் பேஸ்பாலின் புகழ்க் கூடத்தில் சேர்க்கப்பட்டார். நான் விரும்பிப் படித்தது அதற்குப் பிந்தைய ஓர் அத்தியாயத்தை. 2000இன் சிட்னி ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா பேஸ்பால் அணி ஒன்றை அனுப்பியது. பெரிய லீக்கின் நட்சத்திரங்கள் தங்கள் பருவத்தை விட்டு வர முடியாததால், மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் கொண்டு அமைந்த அணி அது. அவர்களில் பாட் போர்டர்ஸ் என்ற 37 வயதுக்காரர் ஒருவர். 1992 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரராக இருந்துவிட்டு, மறுபடியும் டிரிபிள் ஏ நிலைக்கு இறங்கி ஆடிக்கொண்டிருந்தவர். 73 வயது லசோர்டா மேலாளர். 1992, 1996 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றிருந்த கியூபாவை, இறுதியாட்டத்தில் 4–0 என்று வீழ்த்தினார்கள். ஒலிம்பிக் விதிப்படி பதக்கம் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே. மேலாளர் அதை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.